திரிகையும் டைகரும்

திருச்செந்தூரில் எங்கள் அடுக்களை மூலையில் ஒரு திரிகை கிடக்கிறது. ஆச்சி உளுந்து உடைத்தது. அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும். நடுவில் ஒரு பொடிக்கல் சிக்கினால் போதும், சுற்று நின்றுவிடும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் டைகர் டாங்கிக்கும் இதே தொல்லைதான். பீரங்கி பொருத்திய டரெட், சுமார் 11 டன் கூண்டு, 1.85 மீட்டர் விட்டமுள்ள வளையத்தின் மேல் சுழன்றது. எந்திர விசை இல்லாமல் கைச்சக்கரத்தால் ஒரு முழு வட்டம் திருப்ப சுமார் 720 சுற்று! (ஆச்சி சிரித்திருப்பாள்.) கூண்டும் உடலும் சேரும் இடுக்கில் குண்டோ சிதறலோ பட்டால் பீரங்கி திரும்பாது. 1944இல் அந்த இடுக்கைச் சுற்றி இரும்பு வரப்பு கட்டினார்கள்.

அடுத்து வந்த கிங் டைகரில் முதல் 50 கூண்டுகளுக்கு உருண்டை முகம். பார்க்க லட்சணம்தான். ஆனால் கீழ்வளைவில் பட்ட குண்டு வழுக்கி, உடலின் மெல்லிய கூரைத் தகட்டில் இறங்கிவிடக்கூடும். அதனால் 180 மில்லிமீட்டர் கனத்தில் தட்டை முகம் வைத்தார்கள். என் கண்ணுக்கு இந்த மொட்டை முகமே அழகு.

நம் ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கிக்கும் பலகை பலகையான முகம்தான். காரணம் வேறு: உள்ளே அடுக்கிய காஞ்சன் என்னும் கலப்புக் கவசம்.

திரிகையின் கைப்பிடி இப்போது ஆடுகிறது. புதுக் கட்டை செதுக்கிச் செருக வேண்டும்.