செக்கெண்ணெய் யாருக்கு?

திருவண்ணாமலையில் தற்சார்பு இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில் சாமையும் மாப்பிள்ளைச் சம்பாவும் மரச்செக்கு எண்ணெயும் கைத்தறித் துண்டும் விற்கும் கடைகளும் சந்தைகளும் பெருகியிருக்கின்றன. உள்ளூரில் விளைந்ததை உள்ளூரிலேயே வாங்கினால் போதும், உலகமயம் கெடுத்ததெல்லாம் மெல்ல மெல்லச் சீராகும் என்று அங்கே பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் இருக்கும் அக்கறையை மதிக்கிறேன். அதன் கணக்கைத்தான் ஏற்க முடியவில்லை.

உலகமயத்தின் மேல் அவர்கள் வைக்கும் குற்றச்சாட்டு நியாயமானது. எங்கள் பக்கத்து மல்லாட்டைக்காரர்களுக்கு, அதாவது நிலக்கடலை போடுகிறவர்களுக்கு, அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1994இல் பாமாயில் இறக்குமதியைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். அப்போது 65 சதவீதமாக இருந்த வரி 1998க்குள் 15 சதவீதமாக இறங்கியது. மலேசியா, இந்தோனேசியத் தோட்டங்களின் எண்ணெயோடு போளூரிலும் வந்தவாசியிலும் மழையை நம்பி மல்லாட்டை போட்டவர் மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் தர மறுத்து 2023இல் போராடிய விவசாயிகளில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்தபிறகே, அவர்களில் ஆறு பேர் மீதான நடவடிக்கையை அரசு திரும்பப் பெற்றது. வெளியிலிருந்து வரும் முதலுக்காக ஊரை எழுதிக்கொடுப்பதை எதிர்ப்பவர்களோடுதான் நானும் நிற்கிறேன்.

ஆனால் தற்சார்புக்காரர்கள் பொருள் எத்தனை மைல் கடந்து வந்தது என்று கேட்கிறார்கள். அதை விளைவித்த கைக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை. என் நெடுநாள் மறுப்பு இதுதான்.

மல்லாட்டைக் கொல்லையில் களை எடுப்பதும், செடி பிடுங்குவதும், குந்தி உட்கார்ந்து காய் ஆய்வதும் பெரும்பாலும் நிலமில்லாத பெண்கள். அவர்கள் வீட்டில் அடுப்பில் காய்வது ரேஷன் பாமாயில், லிட்டர் 25 ரூபாய். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஆட்டக் கிட்டத்தட்ட இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். எவ்வளவு நல்ல மனசுக்காரராக இருந்தாலும் செக்குக்காரர் அதை அந்தப் பெண்களுக்குக் கட்டுப்படியாகும் விலைக்குத் தர முடியாது. ஆக, உள்ளூர் எண்ணெய் வெளியூரிலிருந்து வந்து தங்கியவர் வீட்டுக்குப் போகிறது. உள்ளூர்க்காரி கடல் கடந்து வந்த எண்ணெயில் தாளிக்கிறாள். இதை உள்ளூர்ப் பொருளாதாரம் என்று என்னால் சொல்ல முடியாது.

இவர்கள் அடிக்கடி பெயர் சொல்லும் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பா இப்படி நினைத்தவர் அல்லர். ஒரு பொருளை வாங்குகிறவர், அது உண்டான விதத்தில் இருக்கும் அநீதிக்கும் பங்காளி என்று எழுதியவர் அவர். தூரத்துச் சரக்கின் மேல் அவருக்கிருந்த சந்தேகத்துக்கே அதுதான் காரணம்: எங்கோ செய்த பொருளில் யார் வயிறு காய்ந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. இங்கேயோ கொல்லை கண்ணெதிரே இருக்கிறது, கூலிக்காரி பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். தெரிந்துகொள்ள எந்தத் தடையும் இல்லாத இடத்தில் கேட்காமல் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

எங்கள் மாவட்டத்து ஜவ்வாது மலையைப் பாருங்கள். சொந்தச் சாமையையும் கேழ்வரகையும் தலைமுறை தலைமுறையாக உண்டுவந்த மலை அது. அந்த உணவு அங்கே வேலையைக் கொண்டுவரவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற இருபது பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சீனத்துக்குக் கடத்தப்படும் செம்மரத்தை வெட்டப் போனவர்கள் என்றது காவல்துறை. தட்டில் தற்சார்பு இருந்தும் பையில் காசில்லாத மனிதரை உலகச் சந்தையின் மிகக் கொடிய முனை எப்படி இழுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. அந்த மலைச் சாமை இன்று நகரத்தில் அழகான பையில் விற்கிறது.

விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறிச் செய்யாறு காலணி ஆலைக்குப் போகும் பெண்களைப் பற்றியும் இவர்கள் இரக்கத்தோடு பேசுவார்கள். வேர் அறுந்துபோனார்களாம். அந்த வேலையின் களைப்பும், அந்நிய ஆர்டரை நம்பிய அதன் நிலையின்மையும் உண்மைதான். ஆனால் மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறுவதும், ஆண்டை வீட்டு வாசலில் கூலிக்குக் காத்து நிற்க வேண்டாம் என்பதும் சேரிப் பெண்ணுக்குச் சின்ன விஷயமா? கிராமம் என்பது குறுகிய உள்ளூர்ப் பற்றும் அறியாமையும் மண்டிய குழி அல்லாமல் வேறென்ன என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எழுப்பிய ஆட்சேபம் இந்தச் சந்தைகளின் வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. உள்ளூர் என்றாலே நல்லது என்பவர்கள், அந்த உள்ளூரில் நிலம் யார் பேரில் பட்டாவாகியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

இறக்குமதிப் பாமாயிலை நிறுத்திவிட்டு ரேஷனில் கடலை எண்ணெயும் தேங்காயெண்ணெயும் கொடுங்கள் என்று தமிழக விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். மானியம் இறக்குமதிக்குப் போகாமல் மல்லாட்டைக்கு வந்தால் விளைவிப்பவருக்கு விலை நிற்கும், காய் ஆய்பவள் வீட்டுக்கும் அதே எண்ணெய் போகும். அதோடு கொல்லைக் கூலியையும் சேர்த்துப் பேசியாக வேண்டும். இதற்குக் கடை போதாது. ஆட்சியர் அலுவலகத்தில் மனு, சட்டமன்றத்தில் குரல், விவசாயிகளோடும் கூலிக்காரர்களோடும் தெருவில் நிற்கும் துணிவு எல்லாம் வேண்டும். செங்கம் சாலைச் சந்தையை நடத்துகிறவர்களிடம் படிப்பும் செல்வாக்கும் நேரமும் இருக்கின்றன. அடுத்த சந்தைக்கு முன் அந்த மனுவில் அவர்கள் கையெழுத்துப் போடலாம்.