மாண்டும் நடமாடுவோர்

பழைய எண்ணங்களைக் கைவிடுதல் அழுக்குச் சட்டையைக் கழற்றி எறிவது போன்ற எளிய வேலையென்று நம்மிற் பலர் கருதியிருக்கின்றனர். ஒரு சொற்பொழிவைக் கேட்டோம், ஒரு சிறு நூலைப் படித்தோம், நேற்றிருந்த நம்பிக்கை இன்றில்லை, காரியம் முடிந்தது! இவ்வாறு கருதும் அன்பர்கள் அவசியம் படிக்கவேண்டிய நாடகம் ஒன்றுண்டு. நார்வே தேசத்து ஆசிரியர் ஹென்ரிக் இப்ஸன் இயற்றி 1881ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அந்நாடகத்தை ஆங்கிலம் பயின்றோர் 'கோஸ்ட்ஸ்' என்னும் பெயரால் அறிவர்.

'பேய்கள்' என்று அப்பெயரைத் தமிழாக்கிவிட்டால் நம்மவர்க்கு ஆற்றோரத்து முனியும் சுடுகாட்டுக் காட்டேரியுமே நினைவிற்கு வரும். அவ்வகைப் பேய் இந்நாடகத்தில் ஒன்றேனும் இல்லை. இப்ஸன் தம் தாய்மொழியில் இட்ட பெயருக்கு 'மீண்டும் வந்து நடமாடுவோர்' என்பதே நேர்பொருள். தாய் தந்தையரிடமிருந்து வந்தனவும், என்றோ உயிர் நீங்கிப்போனவையுமான கொள்கைகள், நாம் அவற்றை நம்பாத காலத்தும் நம்முள் குடியிருந்து நம்மை ஆட்டுவிக்கின்றன. அவையே இங்குப் பேய்கள்.

கதை நெடியதன்று. மழை ஓயாத ஒரு பகலில் தொடங்கி மறுநாள் விடியலில் முடிகிறது, மாந்தர் ஐவரே. ஆல்விங் அம்மையார் செல்வமுடைய கைம்பெண். கணவர் இறந்து பத்தாண்டுகள் ஆயின. அவர் நினைவாக அநாதை விடுதி ஒன்றைக் கட்டுவித்திருக்கிறார்; மறுநாள் திறப்பு விழா. ஊரார் அக்கணவரைப் பெருந்தகை என்று போற்றுகின்றனர். உண்மையில் அவர் குடியிலும் காமத்திலும் காலங்கழித்தவர்; வீட்டு வேலைக்காரியிடம் அவருக்குப் பிறந்த பெண்ணே இன்று அதே வீட்டிற் பணிசெய்யும் ரெஜினா. மணமான முதலாண்டிலேயே அம்மையார் வீட்டைவிட்டு ஓடித் தாம் நேசித்த மாண்டர்ஸ் பாதிரியாரிடம் அடைக்கலம் புகுந்தார். பாதிரியாரோ கடமையை எடுத்துரைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று முதல் கணவரின் கேட்டை ஊரறியாமல் மூடி மறைத்ததும், நிலபுலன்களைத் தாமே திறம்பட நடத்திப் புகழை மட்டும் கணவருக்கு ஆக்கியதும், ஏழு வயது மகன் ஆஸ்வால்டை இவ்வீட்டின் காற்றுப் படாதபடி வெளியூருக்கு அனுப்பியதும் எல்லாம் அம்மையாரே.

கணக்குப் புத்தகங்களோடு காலங்கழிக்கும் என் போன்றோர்க்கு இந்நாடகத்தில் ஓரிடம் தனிச் சுவையுடையது. அநாதை விடுதிக்கு அம்மையார் செலவிட்ட தொகை எவ்வளவு? மணமகனாக வந்தபோது ஆல்விங்குக்கு எவ்வளவு சொத்து இருந்ததோ, சரியாக அவ்வளவே. அத்தொகைக்காகத்தான் தம்மை அவருக்குக் கட்டிக்கொடுத்தனர் என்பது அம்மையாரின் எண்ணம். தந்தையின் காசில் ஒன்றும் மகனுக்குச் சேரலாகாது. பழைய கணக்கை ஒரே வரவு செலவில் முடித்துவிடலாம் என்பது அவர் திட்டம். பணத்தால் முடியும் கணக்கா அது? மகன் பாரிஸிலிருந்து வீடு திரும்பும்போது தந்தையின் நோயை உடம்பிலேயே கொண்டு வருகிறான்.

மாண்டர்ஸைக் கபட வேடதாரி என்று பலர் ஏசுவர். எனக்கு அது உடன்பாடன்று. அவர் யோக்கியர், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அம்மையாரின் மேசைமேல் கிடக்கும் புதுக்கருத்து நூல்களைக் கண்டு அருவருக்கிறார். அவற்றைப் படித்தவரோ எனில், இல்லை. அவற்றைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படித்தவர்! (இவ்வகைக் கண்டனக்காரர்கள் நம்மிடையிலும் மலிந்துள்ளனர்.) விடுதிக்கு இன்ஷூரன்ஸ் செய்வதா வேண்டாவா என்னும் பேச்சு எழுகிறது. சொந்தச் சொத்துக்களுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் செய்வது தகுமாம். ஆனால் தெய்வப் பணிக்குரிய கட்டடத்திற்குச் செய்தால் கடவுளிடம் நம்பிக்கையில்லை என்று செல்வாக்குடையோர் குறைகூறுவராம். முதல் நாள்தான் தச்சுப் பட்டறையில் சிறு தீ பற்றி அணைந்தது என்று அம்மையாரே சொல்கிறார். சொல்லிவிட்டு, செய்யவேண்டாம் என்றும் இசைகிறார். அன்றிரவே விடுதி எரிந்து சாம்பலாகிறது.

பாதிரியார் இசையாதது வியப்பன்று. அவர் தம் நம்பிக்கைப்படி நடந்தார். அந்நம்பிக்கையை உதறிவிட்ட அம்மையார் ஏன் இசைந்தார்? இங்கேதான் நாடகத்தின் உயிர்நாடி இருக்கிறது. அம்மையாரின் அறிவு விடுதலை பெற்றுவிட்டது. கையும் நாவும் பெறவில்லை. தாம் கோழை என்பதைத் தாமே ஒப்புகிறார். அக்கோழைமையின் விலை சிறிதன்று. ஆண்டுதோறும் மகனுக்கு எழுதிய கடிதங்களில் தந்தையை உத்தமராக வருணித்தார். நோயுற்ற ஆஸ்வால்டிடம் பாரிஸ் மருத்துவர், இது தந்தை வழி வந்த கேடு என்று குறிப்பாகச் சொன்னபோது, அவன் தாயின் கடிதங்களை எடுத்துக்காட்டி மறுத்துவிடுகிறான். தந்தை மேல் குற்றமில்லையெனின் பின் யார்மேல்? தன் மேலேயே பழியைச் சுமந்துகொண்டு அப்பிள்ளை உள்ளம் வெந்து சாகிறான். நோயை அம்மையார் தரவில்லை. இவ்வேதனையைத் தந்தது அவருடைய அன்பான பொய்.

நாடகத்தின் மருத்துவம் பற்றி ஒரு சொல். நோயின் பெயரை இப்ஸன் கூறவில்லை. சிபிலிஸ் எனப்படும் மேகநோயே கருதப்பட்டதென்பது தெளிவு. அதன் கிருமி 1905இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தந்தையிடமிருந்து நேரே பிள்ளைக்கு இறங்குவதன்று அந்நோய். தாய்க்குத் தொற்றி அவள் கருவிலிருக்கும் குழந்தைக்குச் செல்வது. பென்சிலின் கொண்டு அதனைக் குணப்படுத்தவும் 1943 முதல் வழி ஏற்பட்டுவிட்டது. ஆகவே, தந்தையின் பாவம் பிள்ளையைச் சாரும் என்னும் வேத வாக்கிற்கு விஞ்ஞானச் சான்றாக இந்நாடகத்தைக் காட்டுவோர் தவறுகின்றனர். இறந்த கொள்கைகளைச் சாடவந்த நாடகத்திலேயே அக்காலத்து மருத்துவரின் அரைகுறைக் கொள்கை ஒன்று நடமாடுவது வேடிக்கைதான். இதனால் நாடகம் சாய்ந்துவிடவில்லை. அதன் பாரத்தைத் தாங்குவது நோயன்று. மூன்றாம் அங்கத்தில் தாய் பேசும் பேச்சு.

அப்பேச்சை நம் சீர்திருத்த அன்பர்கள் இருமுறை படிப்பது நன்று. அதுகாறும் அம்மையார் விட்டொழித்த கொள்கைகள் யாவும் பிறர் தம்மேல் சுமத்தியவை: பாதிரியாரின் கடமை, ஊராரின் மானம், உறவினரின் பேராசை. ஒன்றை மட்டும் அவர் தொடவில்லை. தாம் குற்றமற்றவர், வஞ்சிக்கப்பட்டவர் என்பதே அது. மகன் வாழ்வின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசக் கேட்டபின், ஆல்விங்கும் இளமையில் அம்மகிழ்ச்சி ததும்பியவராய் வந்தவரென்றும், அதற்கு இடமே இல்லாத சிற்றூரில், கடமை கடமையென்று மட்டுமே கற்ற தாம் வீட்டையும் அவர் தங்கவொண்ணாத இடமாக்கினாரென்றும் அம்மையார் வாய்விட்டுச் சொல்கிறார். ஆல்விங்கின் தீச்செயல் இதனால் நல்லதாகிவிடாது. இப்ஸனும் அப்படிச் சொல்லவில்லை. ஆயினும் நாடகம் முழுவதிலும் அம்மையார் உள்ளம் வளர்வது இவ்வொரு நொடியில்தான். புத்தகம் படித்துப் பெற்ற விடுதலை எதுவும் இதற்கு ஈடாகவில்லை.

நம்மவர் பேச்சை எண்ணிப் பாருங்கள். சாதியை விட்டேன், சகுனத்தை விட்டேன், ஆனால் வீட்டார் இசையவில்லை, பெரியோர் தடுத்தனர், ஊரார் ஏசுவர் என்று அடுக்குகிறோம். தடை எப்போதும் எதிர்வீட்டிலும் அடுப்பங்கரையிலுமே இருக்கிறது! மனைவி மக்களோடு நாம் உரையாடும் தொனி எவ்விதமானது, புதுக்கருத்தை அவர்களுக்கு என்றேனும் பொறுமையாக எடுத்துச் சொன்னோமா என்னும் கேள்விகள் மட்டும் எழுவதில்லை.

இந்நாடகத்தைத் தாயகத்து அரங்குகள் முதலில் ஏற்க மறுத்தன. 1882இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில்தான் அது முதன்முதல் மேடையேறிற்று. 1891இல் லண்டனில் தனிச் சங்கமொன்று நடித்தபோது பத்திரிகைகள் சாக்கடையென்றும் புண்ணென்றும் தூற்றின. பொதுமக்கள் முன் நடிக்க இங்கிலாந்தில் 1914 வரை அனுமதி கிடைக்கவில்லை.

நம் நாடகக் குழுவினர் யாரேனும் இதனைத் தமிழில் நடிக்க முன்வருவராயின் இரண்டொன்று சொல்ல விரும்புகிறேன். ஒரே அறையும் மழை தெரியும் சன்னலும் போதும், செலவு மிகுதியன்று. மாண்டர்ஸைக் கோமாளியாக்கிச் சிரிப்புத் தேடவேண்டாம். அவர் பேச்சு சபையோர்க்கு நியாயமாகப் படவேண்டும். பாட்டும் முடிவில் உபதேசமும் சேர்க்கலாகாது. அறிவு மங்கிக் குழந்தைபோல் கிடக்க அஞ்சிய மகன் தன்னைக் கொன்றுவிடும்படி கொடுத்த மருந்தைத் தாய் ஊட்டினாளா இல்லையா என்பதை இப்ஸன் சொல்லாமலே திரையை இறக்கிவிட்டார், நாமும் சொல்லவேண்டியதில்லை. மழை விட்டு வெயில் எழும் அக்காட்சியில், அறிவு மங்கிச் சூரியனைக் கேட்கும் ஆஸ்வால்டு அச்சூரியனுக்கு முதுகுகாட்டியே அமர்ந்திருக்கிறான். அது ஆசிரியரின் குறிப்பு. அவன் நாற்காலியைச் சபையோர் வசதிக்காகத் திருப்பிப் போட்டுவிடவேண்டாம்.