ஒத்தை ஆள் ஆர்கெஸ்ட்ரா

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனால், பிரியாணிக்கு ஓடுவதற்கு முன் ஒரு நிமிஷம் கச்சேரி மேடையைப் பாருங்கள். கீபோர்டு ஒருவர், தபேலா ஒருவர், பேடு தட்ட ஒருவர், பாட ரெண்டு பேர். கீபோர்டு மட்டும் 'அரேஞ்சர்' வகையாக இருந்தால் தபேலாவும் பேடும் வேண்டாம். இடது கையில் கார்டு பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாவற்றையும் அதுவே வாசித்துவிடும். தொடங்க ஒரு பட்டன், முடிக்க ஒரு பட்டன். ரோலண்டின் ஈ-20 வந்தது 1988-ல். யமஹாவும் கார்கும் இன்னும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

பி.காம். படித்த புத்தி உடனே கணக்குப் போடும். மூணு சம்பளம் ஒரு சம்பளம் ஆகிறதே, பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? ஊஹூம்.

பெட்டியில் இருப்பது 'ஸ்டைல்'. 8 பீட், ரும்பா, வால்ட்ஸ். நமக்கு வேண்டியதோ பாட்டு. இளையராஜா பாட்டின் இன்டர்லூடில் ஒரு ஸ்வரம் பிசகினால் முன்வரிசைப் பெரியவர் முகம் சுளிப்பார். அவருக்கு அது மனப்பாடம். பெட்டி சொந்தமாக அரேஞ்ச் செய்து தருவதை யார் கேட்டார்கள்? இந்தியாவுக்கென்றே பிஎஸ்ஆர்-ஐ வரிசையை இறக்கியது யமஹா. தபேலா சத்தம் வந்தது, சித்தார் வந்தது. ஆனால் பல்லவிக்கு ஒரு நடை, சரணத்துக்கு ஒரு நடை என்று போகிற பாட்டை அதற்குச் சொல்லிக்கொடுக்க ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். அதற்குள் தபேலாக்காரர் பத்துப் பாட்டு வாசித்துவிடுவார். விலையும் லேசில்லை, உசத்தி மாடல் லட்சத்தைத் தாண்டும்.

இன்னொன்று. ஷூ கம்பெனியில் மெஷின் போட்டு ஆளைக் குறைத்தால் லாபம். ஷூ வாங்குகிறவர் தைத்தவரைப் பார்ப்பதில்லை. கச்சேரியில் பணம் கொடுக்கிற பெண்ணின் அப்பா மேடையில் தலையை எண்ணுகிறார். ஒத்தை ஆளுக்கு ஆர்கெஸ்ட்ரா ரேட் கொடுப்பாரா?

அந்தப் பெட்டி நிம்மதியாக உட்கார்ந்த இடம் சர்ச். சபையே சேர்ந்து பாடுகிற இடத்தில் தலை எண்ண ஆளில்லை. பாடுகிறவர்களுக்குச் சுருதி எட்டவில்லையா, ஒரு பட்டனில் இறக்கிவிடலாம்.

மேடையில் அரேஞ்சரால் முடியாததை ஒரு பென் டிரைவ் செய்து முடித்தது. பாடகரின் குரல் மட்டும் இல்லாத டிராக், இன்டர்லூடு உள்பட ஒரிஜினல் மாதிரியே ஓடுகிறது. தலை குறைந்தது, ரேட்டும் குறைந்தது, பெண்ணின் அப்பாவும் சரி என்றுவிட்டார். டிராக்குக்கு மேலே கீபோர்டுக்காரர் ஏதோ வாசித்துக்கொண்டு நிற்கிறார். தபேலாக்காரருக்குத்தான் இந்த முகூர்த்தத்துக்கு போன் வரவில்லை.