முற்றத்தில் விரியும் அரங்கு: பாதல் சர்க்காரின் 'மிச்சில்' பற்றிய ஒரு நோக்கு

நாடகத்துக்கு உயர்ந்த மேடை வேண்டும், திரை வேண்டும், ஒளியமைப்பு வேண்டும் என்பன நம்மிடையே ஆராயாது ஏற்கப்பட்ட எண்ணங்களாகும். இவற்றை ஒவ்வொன்றாக நீக்கிய பின்னரும் நாடகம் எஞ்சுமா என்னும் வினாவைச் செயலால் எழுப்பியவர் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் (1925–2011). பொத்துவில் தொடக்கம் கல்முனை வரையுள்ள கரையோர ஊர்களில், மண்டபமும் பொருளும் இன்மையால் நாடகம் செய்ய இயலவில்லை எனக் கூறும் இளைஞர்க்கு இவ்வினா அயலானதன்று.

சர்க்கார் தொழிலால் பொறியியலாளர். நகரத் திட்டமிடலில் ஈடுபட்டவர். 1963இல் எழுதிய 'ஏவம் இந்திரஜித்' அவருக்கு இந்தியா முழுவதும் புகழ் தந்தது. அது படச்சட்ட மேடைக்குரிய நாடகம். 1967இல் 'சதாப்தி' என்னும் குழுவைத் தொடக்கிய அவர், எழுபதுகளின் முற்பகுதியிலேயே அம்மேடையைக் கைவிட்டார். மண்டப வாடகைக்குப் பணம் வேண்டும். பணத்துக்குக் கட்டணம் வேண்டும். கட்டணம் செலுத்த இயலாதவன் நாடகத்துக்கு வெளியே நிற்பான். இச்சங்கிலியை அறுப்பதற்கு அவர் கண்ட வழி, நாடகத்தின் தேவைகளையே குறைப்பது. நடிகனின் உடலும் குரலும் பார்வையாளனும் இருந்தால் போதும் என்றார். அறைக்குள் நிகழ்த்தியதை 'அங்கன மஞ்சம்', அதாவது முற்ற அரங்கு, என அழைத்தார். கல்கத்தாவின் கர்சன் பூங்காவில் திறந்த வெளியிலும் ஆடினர். அங்கே கட்டணம் இல்லை. விரும்பியவர் விரும்பியதை இட்டனர்.

இம்முறையின் முழு வடிவத்தை 1974இல் வந்த 'மிச்சில்' நாடகத்திற் காணலாம். மிச்சில் என்பதற்கு ஊர்வலம் என்பது பொருள். இந்நாடகத்தில் இருக்கைகளை அடுக்கும் முறையே காட்சியமைப்பாகி விடுகின்றது. பார்வையாளர் ஒரு திசை நோக்கி வரிசையாக அமர்வதில்லை. சிறு கூட்டங்களாகப் பிரித்து இருத்தப்படுகின்றனர்; அவர்களுக்கிடையே வளைந்து செல்லும் ஒழுங்கைகள் கல்கத்தாத் தெருக்களாகின்றன. கோக்கா என்னும் இளைஞன் கொல்லப்படுகின்றான். மீண்டும் மீண்டும் கொல்லப்படுகின்றான். எவரும் சாகவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்கின்றது அதிகாரத்தின் குரல். வீட்டுக்கு வழி தவறிய முதியவர் ஒருவர் அலைகின்றார். ஊர்வலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்கின்றன; அவற்றுள் ஒன்றேனும் அவருக்கு வழி காட்டுவதாயில்லை. இறுதியில் உண்மையான ஊர்வலம் ஒன்று தோன்றும்போது, நடிகர் பார்வையாளரை நோக்கிக் கைநீட்டி அவர்களையும் அதனுள் அழைத்துக்கொள்கின்றனர்.

இங்கு நடிகன் மீதும் பார்வையாளன் மீதும் விழுவது ஒரே வெளிச்சம். நடிகனுடைய வியர்வையை மட்டுமன்றி, எதிரே இருக்கும் இன்னொரு பார்வையாளனின் முகத்தையும் காண வேண்டியுள்ளது. இருளில் மறைந்திருந்து இரங்கும் வசதி இல்லை. கோக்காவின் மரணத்தைக் கண்டும் அசையாதிருந்த தன்னைப் பிறர் கண்டனர் என்னும் கூச்சமே இந்நாடகத்தின் வலிமை எனலாம்.

எனினும் நெருக்கம் வேறு, நட்பு வேறு. கோக்கா எல்லா இளைஞரும் ஆவதால், தனியொருவனாக நெஞ்சில் நிற்பதில்லை. 'ஏவம் இந்திரஜித்'திலோ அமல், விமல், கமல் என்போர் அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருப்பினும், இந்திரஜித் அவர்களினின்றும் வேறுபடும் இடங்களில் ஒரு மனிதனின் தனிமை நம்மைத் தொடுகின்றது. 'மிச்சில்' நம்மை அருகிலிருத்துகின்றது. ஆயினும் நண்பனாகக் கொள்ளத்தக்க ஒருவனைத் தருவதில்லை. இறுதியில் நீளும் கையை மறுப்பதும் எளிதன்று. மறுக்க இயலாத அழைப்பில் நட்பு எவ்வளவு, வற்புறுத்தல் எவ்வளவு என்பது சிந்திக்கற்பாலது.

தன்னிறைவு பற்றியும் ஒன்று கூறவேண்டும். கட்டணமின்றி நாடகம் ஆடுவோர் தம் வாழ்வுக்கு வேறு தொழிலை நம்பியே இருத்தல் வேண்டும். அலுவலகச் சம்பளமும் மாலைநேர ஓய்வும் உடைய நகரத்தவருக்கு இது கைகூடும். கரைவலை இழுப்பவனும் வட்டையில் கூலிக்கு நிற்பவனும் அவ்வாறு மாலைகளை ஈதல் அரிது.

மட்டக்களப்புக் கூத்தின் தன்னிறைவு இதற்கு நேர்மாறானது. அது எவரையும் சாராதிருக்க முயன்றதில்லை. ஊர் முழுவதையும் சார்ந்து நின்றது. சட்டம் கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை ஊர் அதனைச் சுமந்தது. பின்னர் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடிப் பரிசில் பெற்றனர். வட்டக்களரியைச் சூழ நாற்புறமும் மக்கள் இருந்தனர். (இச்சார்பில் போடியாரின் கை ஓங்கியிருந்ததையும் மறத்தலாகாது, நெல் எவரிடம் இருந்ததோ அவரிடமே மதிப்பும் இருந்தது.) பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்து கூத்துக்குப் புதிய மதிப்பைத் தேடித்தந்தார். ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளியில் சர்க்கார் அதே மேடையைவிட்டு இறங்கினார். கூத்தை மேடையேற்றியதால் பெற்ற பேறு பெரிது. களரியின் நெருக்கம் இழக்கப்பட்டதும் உண்மை.

பொத்துவிலில் 'மிச்சில்' போன்றதொரு நாடகத்தை ஒரு வளவு முற்றத்தில் நிகழ்த்தலாம். ஆனால் கல்கத்தாவின் அறையை அப்படியே பெயர்த்து வைத்தல் பொருந்தாது. முற்றம் பெண்களின் புழங்குவெளி. அங்கு எவர் எங்கே அமர்வது என்பது முதற்கண் தீர்க்கப்படவேண்டிய வினா. அவர்கள் திண்ணையிலும் கதவடியிலும் நின்று பார்ப்பதோடு அமைந்தால், முற்ற அரங்கு மீண்டும் ஆண்களின் மண்டபமாகவே முடியும்.

இறுதிக் காட்சிக்கு இவ்வூர்களின் களிகம்பு உதவக்கூடும். களிகம்பைத் தனியொருவன் ஆடல் இயலாது. தன் கம்பு ஒலிக்க இணையாளின் கம்பு வேண்டும். ஒவ்வொருவனும் தன் காலில் நின்று, தன் தாளத்தைத் தானே காத்து, அடுத்தவனுக்காகத் திரும்புகின்றான். இதுவரை ஆண்களே ஆடிவந்த கலை இது. நடிகர் கைக்குப் பதிலாக ஒரு கம்பை நீட்டினால், விரும்பியவர் அதனை வாங்கலாம், விரும்பாதவர் தம் இடத்திலேயே இருக்கலாம். திண்ணையில் இருப்போரை நோக்கியும் அக்கம்பு நீளுமா என்பதை நாடகம் செய்வோர் ஒத்திகை தொடங்கும் முன்னரே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.