பலூன் ஆர்ச்சும் பிட் நோட்டீஸும்

சென்னையின் தெற்குப் புறநகரில், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த நோட்டீஸ்கள் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் செருகி வரும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் படமாக வரும், இஸ்திரி வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். குழந்தைகளின் பிறந்தநாளுக்கு பலூன் கட்டி, பேக்டிராப் வைத்து, கேம்ஸ் நடத்திக் கொடுக்கும் சின்னத் தொழில்களின் விளம்பரங்கள். ஒரு ஆள், ஒரு ஹெல்பர், ஒரு டூவீலர், மிஞ்சிப்போனால் வாடகைக்கு ஒரு டாடா ஏஸ். தொழிலே அவ்வளவுதான். ஒன்றரை வருடமாக இவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரு ஷூ டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். (வீட்டில் இதற்குக் கிடைத்த மரியாதையை இங்கே எழுத வேண்டாம்.) ஒரு சிறுகதையை வாசிப்பது போலவே ஒரு நோட்டீஸையும் வாசிக்கலாம்: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்க்கலாம்.

டப்பாவில் பெரும்பாலானவை ஒரே நோட்டீஸ்தான். ரோஸ், தங்க நிறத்தில் பலூன் ஆர்ச், நடுவில் இணையத்தில் எடுத்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, மேலே 'உங்கள் சிறப்பான நாளை மறக்க முடியாத தருணமாக மாற்றுகிறோம்' என்கிற மாதிரி ஒரு வரி. இந்த வரியைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். தமிழில் யாரும் யாரிடமும் இப்படிப் பேசுவதில்லை. "பொறந்தநாளுக்கு என்ன பண்றீங்க, வீட்டுலயா ஹால்லயா?" என்றுதான் கேட்போம். அந்தக் கேள்வியிலேயே இடம், ஆள் கணக்கு, பட்ஜெட் எல்லாம் அடங்கிவிடுகிறது. நோட்டீஸ் அந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை.

விலை இருக்கும், அதுவும் ஒரு தினுசாக. '1,999 முதல்' என்று பெரிய எழுத்தில். போன் செய்தால் அது வெறும் பலூன், ஒட்ட ஆள் தனி, போய் வரும் செலவு தனி. கீழே எறும்பு சைஸில் ஆங்கிலத்தில் 'நிபந்தனைகள் உண்டு'. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகளில் இதைப் பற்றித் தெளிவாகவே இருக்கிறது. சொன்ன விலைக்குக் கொடுக்க வழியில்லாமல் ஆளை இழுக்கக் கூடாது. பொறுப்புத்துறப்பு வாசகம், எந்த மொழியில் வாக்குறுதி கொடுத்தார்களோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். நாற்பது வீட்டுக்குப் பலூன் கட்டும் ஒரு பையன் மீது யாரும் இதற்காக வழக்குப் போடப் போவதில்லை, போடவும் வேண்டாம். ஆனால் அவனுக்கே இது நஷ்டம். விலையைக் கேட்டதும் வைக்கப்படுகிற பத்து போன் அழைப்புகளுக்கு அவன்தான் வேலை நேரத்தில் பதில் சொல்கிறான்.

கூகுள் மேப்பிலும் இதே கதைதான். கடையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மேடவாக்கத்தின் சிறந்த பிறந்தநாள் ஏற்பாட்டாளர்' என்று ஒரு வாக்கியமே இருக்கும். நிஜத்தில் என்ன பெயரோ அதைத்தான் போட வேண்டும் என்பது கூகுளின் விதி. அதுபோக, பக்கத்தில் தேடுபவருக்கு எதைக் காட்டுவது என்பதற்கு அவர்களே சொல்கிற மூன்று காரணங்களில் ஒன்று தூரம். மூன்று கிலோமீட்டருக்குள் வேலை செய்யும் ஆள் 'சென்னை முழுவதும்' என்று போட்டுக்கொண்டு என்ன சாதிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

நமக்கு நோட்டீஸ் எழுதத் தெரியாதா என்ன? சர்க்கஸ் வந்தால், நாடகம் போட்டால், டூரிங் டாக்கீஸில் படம் மாறினால் பிட் நோட்டீஸ் வரும். மட்டமான கலர் தாளில், எத்தனை மணிக்கு, எந்த மைதானத்தில், தரை டிக்கெட் எவ்வளவு, பெஞ்ச் எவ்வளவு, சிங்கம் உண்டா இல்லையா என்று எல்லாம் அதில் இருக்கும். அலட்டலும் இருக்கும். ஆனால் அலட்டலுக்குப் பக்கத்திலேயே தகவலும் இருக்கும். கல்யாணப் பத்திரிகை எவ்வளவு ஆடம்பரமாக இருந்தாலும் முகூர்த்த நேரத்தை மறைப்பதில்லை, இல்லையா? ஆடம்பரம் எனக்குப் பிரச்சினை இல்லை. முதல் பிறந்தநாள் நம் ஊரில் எப்போதுமே பெரிய விஷயம்தான். ஆண்டு நிறைவு, ஆயுஷ்ய ஹோமம், மொட்டை, காதுகுத்து என்று கேக் வருவதற்கு முன்பே அதற்குச் செலவு செய்தவர்கள் நாம்.

டப்பாவில் ஒன்றே ஒன்று வேறு மாதிரி. பாதி ஏ4 தாள், கையெழுத்து, ஜெராக்ஸ். இட்லி மாவு விற்கும் கடையின் ஷட்டரில் ஒட்டியிருந்தது. கடைக்காரம்மாவிடம் கேட்டு ஒன்று வாங்கி வந்தேன். கிட்டத்தட்ட இப்படி: ஹாலில் ஒரு சுவருக்கு பலூன் கட்ட 2,800 ரூபாய். பலூன், பேர் போர்டு, டேபிள் துணி சேர்த்து. கேக் கிடையாது. கட்ட 2 மணி நேரம். மறுநாள் வந்து கழட்டி குப்பையும் எடுத்துடுவோம். சுவத்துல ஆணி அடிக்க மாட்டோம். சின்னக் குழந்தைங்க நிறைய இருந்தா கரடி வேஷம் வேண்டாம், பயந்துக்குவாங்க. கீழே நான்கு ஏரியாவின் பெயர், ஒரு போன் நம்பர்.

'ஆணி அடிக்க மாட்டோம்' என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். அது வாடகை வீட்டில் இருப்பவரிடம் பேசுகிற வரி. ஹவுஸ் ஓனர், அட்வான்ஸ், காலி செய்யும்போது பெயின்டுக்குப் பிடித்துக்கொள்ளும் பணம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. இந்தப் பகுதியில் ஒரு வயதுக் குழந்தையோடு இருக்கும் குடும்பங்களில் வாடகைக்கு இருப்பவர்கள் நிறையப் பேர். தன் வாசகர் யாரென்று தெரிந்தவர்தான் இதை எழுத முடியும். 'கேக் கிடையாது' என்பதும் அப்படித்தான். தன்னால் முடியாததைச் சொல்கிற விளம்பரம் டப்பாவில் வேறு இல்லை. அதைப் படித்ததும் மிச்சத்தை நம்பத் தோன்றுகிறது.

அப்புறம் அந்தக் கரடி. மற்ற நோட்டீஸ்கள் எல்லாவற்றிலும் குழந்தை என்பது ஒரு படம், சிம்மாசனத்தில் உட்கார வைத்த பொம்மை. பயப்படக்கூடிய, அழக்கூடிய ஒரு ஆளாகக் குழந்தை வருவது இந்த ஒரு வரியில் மட்டும்தான். ஆள் உயர மேஸ்காட் உள்ளே நுழைந்ததும் வீறிட்டு அழும் மூன்று வயதுக் குழந்தையை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நேரத்தில் போட்டோகிராபர் "இங்க பாரு, இங்க பாரு" என்று கை தட்டிக்கொண்டிருப்பார்.

சொல்லாமல் விடுவதில் ஆபத்தானதும் உண்டு. 'மிதக்கும் பலூன்' என்று போடுகிறவர்கள் உள்ளே என்ன வாயு என்று போடுவதில்லை. ஹீலியம் விலை அதிகம், ஹைட்ரஜன் மலிவு, ஆனால் தீப்பற்றும். 2020 செப்டம்பரில் பாடியில் ஓர் அரசியல் கட்சியின் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஹைட்ரஜன் பலூன்கள் வெடித்து ஆட்களுக்குத் தீக்காயம் பட்டது. மெழுகுவத்தி ஏற்றுகிற மேஜைக்கு மேலே அதைக் கட்டுகிறோம். 'ஹீலியம் மட்டும்' என்று இரண்டே சொல் போட்டாலே அது நல்ல விளம்பரம். அதே போல, 2022 ஜூலை 1 முதல் பலூன் பிளாஸ்டிக் குச்சிக்கும் அலங்காரத் தெர்மாகோலுக்கும் நாடு முழுவதும் தடை. இன்னமும் தெர்மாகோல் எழுத்தைப் படம் பிடித்து நோட்டீஸிலேயே போடுகிறார்கள்.

சின்னத் தொழில் செய்கிறவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவர் டிசைன் செய்வதில்லை. டி.டி.பி. சென்டர்க்காரர் போன தடவை செய்த ஃபைலில் பெயரையும் நம்பரையும் மாற்றிக் கொடுக்கிறார். மேலே இருக்கிற ஆங்கில வாக்கியத்தை ஏதோ ஒரு மொழிபெயர்ப்புக் கருவி தமிழாக்குகிறது. ஆயிரம் தாளுக்குக் காசு கொடுத்தவர் தன் சொந்தக் குரலில் ஒரு வரிகூடப் பேச வாய்ப்பில்லாமல் போகிறது.

மாவுக் கடை நோட்டீஸிலும் ஒரு குறை உண்டு. அந்த நம்பரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் ஏதாவது ஒரு வீட்டுக் குழந்தை, முகமும் பெயரும் வயதும் தெரிய, போர்டுக்கு முன்னால் நிற்கிறது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது ஆகாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், எந்த அபார்ட்மென்ட், எந்தத் தேதி, குழந்தை பேர் என்ன என்பதை ஊருக்கே சொல்கிற படம் அது. 'உங்க குழந்தை போட்டோவைக் கேட்காமப் போட மாட்டோம்' என்று எழுத, கரடிக்குக் கீழே அந்தத் தாளில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.