விற்கப்பட்ட குரலும் அழைக்கப்பட்ட பெயரும்

ஒலிபரப்பின் தொடக்ககாலம் குறித்து எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை நினைவுக் குறிப்புகளாகவே அமைந்துள்ளன. அவற்றிலே குரல்கள் தனிமனிதத் திறமையின் பேறுகளாகப் போற்றப்படுகின்றன. அக்குரல்களுக்குப் பணம் கொடுத்தவர் யார், எதன் பொருட்டுக் கொடுத்தார் என்ற வினா எழுவது அரிது. இவ்வினாவை எழுப்பாத விமர்சனம் வெகுசனப் பண்பாட்டைப் பாராட்டலாம், பழிக்கலாம், விளக்கவியலாது. புகையிலைக் கம்பனியொன்றின் அனுசரணையிற் பிறந்த புகழ்பெற்ற கதையொன்றை முதலில் ஆராய்ந்து, அதன் துணைகொண்டு மலையகத்து வானொலி நேயரின் நிலையினை மதிப்பிட முயல்வோம்.

1933ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து ஹோட்டலொன்றிலே விருந்தினர் பெயர்களைக் கூவியழைக்கும் ஏவற் பணியாளராக இருந்தவர் ஜோனி ரொவென்ரினி. உருவத்தால் மிகக் குள்ளமானவர், குரலோ தெளிந்தது. விளம்பர முகவரான மில்ரன் பயோ, பிலிப் மொரிஸ் என்பவரை அழைக்குமாறு அவரை ஏவினார். ரொவென்ரினியும் அப்பெயரைக் கூவித் திரிந்தார். மறுமொழி தர எவருமிலர். அஃது ஒரு சிகரெட்டின் பெயரென்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அவ்வாண்டே அக்கூவல் வானொலி விளம்பரமாயிற்று. 1951இல் அதே கம்பனியின் அனுசரணையுடன் தொடங்கிய 'ஐ லவ் லூசி' மூலம் தொலைக்காட்சியிலும் அது பரவிற்று. ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அவ்வொரு பெயரைக் கூவுவதே அவர் தொழிலாயிற்று.

விளம்பர உலகம் இதனைக் கூறும் முறை நாட்டார் கதையின் அமைப்பைக் கொண்டது: எளிய சிறுவன், தற்செயலாக வரும் செல்வன், ஒரு சோதனை, திடீர்ப் பேறு. ஆனால் ரொவென்ரினி அப்போது இருபது வயதைக் கடந்த தொழிலாளி. கதையிலே அவர் என்றும் 'பையன்'. துரைமார் பங்களாக்களில் நரைத்த தலையினரையும் 'போய்' என விளித்த வழக்கினை அறிந்த நமக்கு, இச்சொல்லின் வர்க்க உள்ளடக்கம் புதிதன்று. மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்கொள்வதை மார்க்ஸ் விளக்கினார். இங்கோ பண்டம் மனிதப் பெயரால் அழைக்கப்படுகிறது; அழைக்கும் மனிதன் பண்டத்தின் சின்னமாகிறான்.

அனுசரணையாளர் நிகழ்ச்சிக்கு வெளியே நிற்பவர் என்று கருதுவதும் தவறு. 1949 முதல் 1956 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் இடம்பெற்ற செய்தி நிகழ்ச்சியொன்று 'கமல்' என்னும் சிகரெட்டின் பெயரையே தன் தலைப்பிற் சுமந்தது. சுருட்டுப் புகைப்போரைத் திரையிற் காட்டலாகாதென்பது கம்பனியின் நிபந்தனை; சேர்ச்சிலுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. உலகின் எம்முகம் செய்தியாகலாம் என்பதைச் சிகரெட் வியாபாரம் தீர்மானித்த காலம் அது.

இத்தகைய வர்த்தக அமைப்பின் நமது வடிவமே 1950 செப்ரெம்பர் 30இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை. பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தும் நிகழ்ச்சி 1935இல் 'லக்கி ஸ்ரைக்' சிகரெட்டின் அனுசரணையில் அமெரிக்காவிற் பிரபலமாயிற்று. அதற்கு உறவான வடிவமொன்று, 1952இல் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' வாயிலாக, பற்பசை விற்பனைக்கென இங்கிருந்து இந்தியா எங்கும் ஒலித்தது. அனுசரணையாளர் வாங்குவது நேயர்களையே என 1977இல் டலஸ் ஸ்மைத் வாதிட்டது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

எனினும் இவ்வாதத்தோடு நின்றுவிட்டால் மலையகத்தை விளங்கிக்கொள்ள இயலாது. வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே புகையிரதப் பாதையை அண்டிய றொசல்லத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து லயங்களில் விடியுமுன் ஒலித்தது பெரட்டுத் தப்பு. அதுவும் ஓர் அழைப்பே; ஆயின் அது அழைத்தது உழைப்பை, ஆளை அன்று. செக்ரோலில் எழுதப்படும் பெயருக்குப் பேர் போடும் நாளைத் தவிர வேறு பொருளில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அரசின் ஏட்டிலே அவர்கள் பெயர் இருக்கவில்லை.

இந்நிலையில், எஸ். பி. மயில்வாகனம் முன்னோடியாக விளங்கிய தமிழ் வர்த்தக சேவையின் விருப்பப் பாடல் நிகழ்ச்சிகளுக்குத் தபாலட்டை எழுதிய தோட்டத்து இளைஞர், தம் பெயரும் தோட்டத்தின் பெயரும் வாசிக்கப்படுவதைக் கேட்டனர். தப்பொலி உழைப்பாளியாக மட்டுமே அழைத்தவரை வானொலி பெயர்சொல்லி அழைத்தது. பண்டத்தை விற்பதற்காக அமைந்த சாதனம், குடியுரிமை மறுத்த அரசு அளிக்காத ஓர் அங்கீகாரத்தை, பாடலொன்று ஒலிக்கும் நேரத்துக்கேனும், அளித்தது. இம்முரண்பாட்டைக் காணாது வெகுசன ஊடகத்தை முற்றாக நச்செனத் தள்ளும் போக்கு, அடோர்னோவின் பெயரால் நிகழினும், மக்களின் அனுபவத்தைப் புறக்கணிப்பதாகவே முடியும்.

அதே வேளை அவ்வங்கீகாரத்தின் எல்லையும் வெளிப்படையானது. வாசிக்கப்பட்ட பெயருக்கு வாக்குரிமை இல்லை. சம்பளத்தில் மாற்றம் இல்லை. கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணுக்கு வெற்றிலையும் புகையிலையும் பசியையும் குளிரையும் மறக்கும் வழியாயின. சிகரெட் விளம்பரம் காட்டிய ஓய்வும் நாகரிகமும் அவளது வாயிலிருந்த புகையிலையோடு எவ்வகையிலும் ஒட்டவில்லை. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டம் முடிவு கூறியது 2003இல். புகையிலை விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்த 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2006இல். அமெரிக்க வானொலியும் தொலைக்காட்சியும் சிகரெட் விளம்பரத்தை 1971 சனவரியிலேயே இழந்திருந்தன.

ரொவென்ரினி கூவியது இல்லாத ஒருவரின் பெயரை. அதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டு செவிசாய்த்தது உலகம். றொசல்லயின் நேயர் எழுதியனுப்பியது இருக்கும் தம் பெயரை; அதற்குக் கிடைத்தது ஒரு பாடலின் நேரமே. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவதே வெகுசனப் பண்பாட்டு விமர்சனத்தின் கடமை எனக் கருதுகிறோம். அறிவிப்பாளரின் புகழை எழுதிய நாம், தபாலட்டை எழுதியோரின் வரலாற்றை இன்னும் எழுதவில்லை. அவர்களிற் பலர் இன்று முதியோர். லயங்களிற் சென்று அவர்களிடம் கேட்டறியும் பணி இனியும் தாமதிக்கத்தக்கதன்று.