முதல் வேலையா? குன்மிங்குக்குப் போங்கள்!

ஆங்கிலம் படிப்பிக்க ஆசை இருக்கிறது, கையில் பட்டம் இருக்கிறது, அனுபவம் மட்டும் இல்லை. இப்படி யாரைக் கண்டாலும் நான் பிடித்து வைத்துச் சொல்வது ஒன்றுதான்: சீனாவில் ஒரு பல்கலைக்கழக வேலை தேடுங்கள். அதுவும் பெய்ஜிங், ஷாங்காய் என்று ஓடாமல் யுன்னான் மாகாணத்துக் குன்மிங்குக்குப் போங்கள். நான் ரொறன்ரோவிலிருந்து அப்படித்தான் போனேன். ஓர் ஆசிரியருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

வேலைக்குள் நுழையும் வழி பலர் பயப்படுகிற அளவுக்குச் சிக்கலானதே அல்ல. இளங்கலைப் பட்டம், பொலிஸ் நற்சான்று, மருத்துவச் சான்று, இரண்டு வருட அனுபவம் ஆகியவற்றைக் கேட்பார்கள். 120 மணி நேர ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அந்த இரண்டு வருடத்தை விட்டுக்கொடுப்பார்கள். புதியவர்களுக்குக் கதவைத் திறப்பது இந்த விதிதான்! நான் கேம்பிரிட்ஜின் செல்டா எனும் ஆசிரியர் பயிற்சியைப் படித்தேன். அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தே ஆகவேண்டும். பின்வரிசையில் பயிற்சியாளர் இருந்து குறிப்பெடுப்பார். அந்த ஆறு மணி நேரத்துக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கடவுச்சீட்டு விடயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கே இந்த வழி இலகு. தென்னாபிரிக்காவின் டர்பன் தமிழ்ப் பிள்ளைகளும் இதற்குள் அடங்குவார்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு முயல்பவர்களுக்குப் பாதை மிகக் கடினம்.

முன்பெல்லாம் பட்டச் சான்றிதழைச் சீனத் துணைத்தூதரகம் வரை கொண்டுபோய் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. பிறநாட்டு ஆவணங்களை ஒரே சான்றோடு ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கை 2023 நவம்பர் 7 முதல் சீனாவிலும், 2024 ஜனவரி 11 முதல் கனடாவிலும் நடைமுறைக்கு வந்துவிட்டதால் அந்த அலைச்சல் ஒழிந்தது. வேலை அனுமதி அறிவிப்பு வந்ததும் வேலைக்கான ‘இசட்’ விசா எடுக்கலாம். போய் இறங்கி 24 மணி நேரத்துக்குள் பொலிஸ் பதிவு, 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பம். இவை எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு அலுவல் பிரிவிலிருந்து ஒருவர் கூடவே வருவார். எங்கள் அலுவலர் மருத்துவமனை வரிசையில்கூட என்னோடு நின்றார்.

“சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்தபிறகு மாற்றித் தருகிறோம்” என்று ஒரு முகவர் தொலைபேசியில் சொன்னார். அந்த விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம்; அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தனியார் நிலைய வேலையையும் நம்பாதீர்கள்: பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் வெளிப்பயிற்சியையும் குறைக்க 2021 ஜூலையில் வந்த ‘இரட்டைக் குறைப்பு’க் கொள்கைக்குப் பிறகு தனியார் பயிற்சி நிலையங்கள் ஏராளமாக மூடப்பட்டுவிட்டன. பல்கலைக்கழகத்தில் சம்பளம் குறைவுதான். ஆனால் வீடு இலவசம், வாரத்துக்குப் பதினாறு பாடவேளை அளவில்தான் வேலை, சீனப் புத்தாண்டை ஒட்டி நீண்ட விடுமுறை. ஒரு பாடத்தை ஆற அமர யோசித்துத் தயாரிக்க நேரம் கிடைக்கிறது. புதிய ஆசிரியருக்கு அந்த நேரம் காசைவிடப் பெரியது.

இனி மாணவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவும்!

செப்டம்பரில் முதலாண்டுப் பிள்ளைகளை இராணுவப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். காலையிலிருந்து பச்சைச் சீருடையில் அணிநடை. அது முடிந்து வெயிலில் கறுத்த முகங்களோடு வகுப்புக்கு வந்து, எழுந்து நின்று, “லாவ்ஷி ஹாவ்” என்று ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். காவ்காவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு மட்டும் 150 புள்ளிகள். அதற்காக ஆயிரக்கணக்கான சொற்களை நெட்டுருப் போட்டு வந்தவர்கள் இவர்கள். இலக்கணத்தில் சந்தேகம் கேட்டால் எனக்கே விளக்கம் தருவார்கள். ஐம்பது பேர் இருந்த பள்ளி வகுப்பில் வாய் திறந்து கதைக்கத்தான் வாய்ப்புக் கிடைத்ததில்லை. அந்த வாய்ப்பைக் கொடுப்பதுதான் நமது வேலை. இதைவிட இன்பமான வேலை என்ன இருக்கிறது?

ஒருநாள் கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதினேன்: “உங்கள் பாட்டி உங்களை எந்த மொழியில் ஏசுவார்?” யுன்னானில் ஹான் சீனரோடு யீ, பாய், ஹானி, தாய், நாஷி என்று இருபத்தைந்து சிறுபான்மை இனங்கள் காலங்காலமாக வாழ்கின்றன. இரண்டு நிமிடம் யோசிக்க விட்டேன். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கச் சொன்னேன். வகுப்பு அதிர்ந்தது! தாலி என்ற ஊரிலிருந்து வந்த பெண் பாய் மொழியில் பாட்டி ஏசுவதை நடித்துக் காட்டி, அதை ஆங்கிலத்தில் விளக்கினாள். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஆங்கிலத்தில் இவ்வளவு நேரம் கதைத்ததாகச் சொன்னாள். நான் என் அப்பம்மாவின் யாழ்ப்பாணத்து ஏச்சைச் சொன்னேன். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி என்று வளர்ந்த எனக்கு அந்தப் பிள்ளைகள் யார் என்பது விளங்கியது; அவர்களுக்கும் நான் யார் என்பது விளங்கியது. என் தோல் நிறத்தைப் பார்த்துச் சில முகவர்கள் தயங்கியதுண்டு. அந்த வகுப்பில் அப்படி ஒரு தயக்கத்தை நான் கண்டதே இல்லை.

செப்டம்பர் 10 சீனாவில் ஆசிரியர் தினம். பல்கலைக்கழகங்கள் நிறைந்த செங்கோங் பகுதியில்தான் தோனான் பூச்சந்தை இருக்கிறது. கொய்மலர் வியாபாரத்தில் ஆசியாவிலேயே பெரிய சந்தை. ரோஜாக்களைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஆசிரியர் தினத்தன்று மாலை, மாணவர்கள் தந்த பூக்களை வைக்க என் வீட்டில் ஏனம் போதவில்லை. ஊரோ கடல்மட்டத்திலிருந்து 1,900 மீற்றர் உயரத்தில், வெயிலும் குளிரும் வருத்தாமல் இருக்கிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஜனவரியில் பனி வாரிக் களைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காலைச் சாப்பாடு சுடச்சுட அரிசி நூடில்ஸ். நவம்பர் வந்தால் நகரின் பச்சை ஏரியில் சைபீரியாவிலிருந்து வந்த கடற்காகங்கள்.

யுன்னான் ஆசிரியப் பல்கலைக்கழக வளாகத்தில் தகரக் கூரையோடு ஒரு பழைய வகுப்பறையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவசியம் பாருங்கள். ஜப்பானியப் படையெடுப்பால் பீக்கிங், சிங்குவா, நன்காய் பல்கலைக்கழகங்கள் தெற்கே இடம்பெயர்ந்து, 1938இல் இங்கே ஒரே பல்கலைக்கழகமாக இயங்கின. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் எம்ப்சன் அவற்றோடு கூடவே வந்து படிப்பித்தார். வழியில் ஹுனான் மலையில் தங்கியிருந்தபோது புத்தகங்கள் இல்லை. மனப்பாடமாக இருந்த கவிதைகளை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்துப் பாடம் நடத்தினார். அவருடைய மாணவர் வாங் ச்வோலியாங் பின்னாளில் சீனாவின் மிகச் சிறந்த ஆங்கில அறிஞர்களில் ஒருவரானார். வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் என்ற என் பதவிக்கு இந்த ஊரில் இப்படியொரு பரம்பரை இருக்கிறதென்று அறிந்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

செப்டம்பர் தவணைக்குப் பல்கலைக்கழகங்கள் வசந்தகாலத்திலேயே ஆள் தேடத் தொடங்கிவிடும். பத்திரங்கள் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்; மார்ச்சிலேயே தொடங்குங்கள். நேர்காணலில், இப்போது அங்கே படிப்பிக்கும் ஒரு வெளிநாட்டு ஆசிரியரோடு கதைக்க வேண்டுமென்று கேளுங்கள். நல்ல இடமென்றால் உடனே இணைத்துவிடுவார்கள். எங்கள் துறைக்கு விண்ணப்பிக்கும் புதியவர்களை இப்போது என்னோடுதான் இணைக்கிறார்கள்; ஒருவரையும் அரை மணி நேரத்துக்குள் நான் விட்டதில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டேன். அடுத்த தவணையில் பேச்சு வகுப்போடு எழுத்து வகுப்பும் எனக்கு. நானே கேட்டு வாங்கினேன்.